கீரை சாப்பிட்டாலும் ஃபோலிக் ஆசிட் மாத்திரை எதுக்கு? குடலுக்குள் நடக்கும் வேதியியல் இதுதான்!

ஜவ்வாது மலையில் சாமைச் சோறும் கீரையும் ரொம்ப காலமாகப் பழகிய சாப்பாடு. ஆனாலும் ஜமுனாமரத்தூர் பக்கத்துக் கர்ப்பிணிக்கும், சென்னையில் ஐ.டி. வேலை பார்க்கும் கர்ப்பிணிக்கும் அரசுத் திட்டத்தில் தரப்படுவது ஒரே மாத்திரைதான்: 60 மில்லிகிராம் இரும்புச்சத்து, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட். 'மலையில கிடைக்காத கீரையா? அப்புறம் மாத்திரை எதுக்கு?' என்று கேட்கலாம். பதில் வேதியியலில் இருக்கிறது.

கீரையில் என்ன சிக்கல்?

கீரை, பயறு வகைகளில் இருக்கும் பி9 வைட்டமின்தான் ஃபோலேட். இதன் மூலக்கூறில் டெரிடின், பாரா அமினோ பென்சாயிக் அமிலம், குளுடாமிக் அமிலம் என மூன்று துண்டுகள் உண்டு. மாத்திரையில் குளுடாமிக் அமிலம் ஒன்றே ஒன்றுதான். கீரையிலோ அது பெரும்பாலும் பல கண்ணிகள் கொண்ட சங்கிலியாக இருக்கும்.

அந்தச் சங்கிலியைக் குடல் அப்படியே உறிஞ்சாது. சிறுகுடல் சுவரில் உள்ள ஒரு நொதி, நீர் மூலக்கூறுகளைப் பயன்படுத்திக் கண்ணிகளை ஒவ்வொன்றாக வெட்டுகிறது. ஸ்கூலில் படித்த 'நீராற்பகுப்பு' இதுதான். ஒரே ஒரு கண்ணி மிஞ்சிய பிறகே உள்ளே அனுமதி. அதனால் உணவில் உள்ள ஃபோலேட்டில் சுமார் பாதிதான் உடலில் சேரும். சாப்பாட்டோடு எடுக்கும் மாத்திரையில் சுமார் 85 சதவீதம் சேர்ந்துவிடும். கீரையை வேகவைத்த தண்ணீரைக் கொட்டினால் இழப்பு இன்னும் கூடும்.

இதைக் கண்டுபிடித்தது யார்?

1930-களின் தொடக்கத்தில், மும்பை கர்ப்பிணிகளின் ரத்தசோகை ஈஸ்ட் சாற்றில் குணமாவதை லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் காட்டினார். அந்த மர்மப் பொருளின் வடிவத்தை அவிழ்த்தது, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லப்பிரகத சுப்பாராவ் வழிநடத்திய அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகக் குழு. காரம் சேர்த்து நீராற்பகுத்து, கிடைத்த துண்டுகளை அடையாளம் கண்டார்கள். 1945-ல் அதைச் செயற்கையாகத் தயாரித்த செய்தியும் வெளியானது.

எப்போது தேவை?

கருவின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழாய், கருத்தரித்த 28 நாட்களுக்குள் மூடிவிடும். நிறைய பேருக்கு அப்போதுதான் கர்ப்பமே தெரியவரும். மருத்துவமனை தொலைவில் உள்ள மலைக்கிராமங்களில் முதல் பரிசோதனை இன்னும் தள்ளிப்போகலாம்.

அதனால்தான், குழந்தைக்குத் திட்டமிடும்போதே தொடங்கி 12-வது வாரம் வரை தினமும் 400 மைக்ரோகிராம் எடுக்க உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. முந்தைய குழந்தைக்கு நரம்புக்குழாய் குறைபாடு இருந்திருந்தால் அளவு கூடும். டாக்டரிடம் கேட்டே எடுக்க வேண்டும். கீரையை நிறுத்த வேண்டாம். மாத்திரையைத் தள்ளிப்போடவும் வேண்டாம்.