வாழைக்குலை ஏற்ற எந்த வண்டி?
டீசல் பிக்கப் வாங்குமுன் பார்க்க வேண்டிய கணக்கு

ஓணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போதே களக்காடு, திருக்குறுங்குடி, ஏர்வாடிப் பக்கம் ஏத்தன் வாழைக்குலை வெட்டு மும்முரமாகிவிடும். வெட்டும் நாளைக் குறிப்பது விவசாயி அல்ல. கேரளச் சந்தையின் விலைதான். விலை ஏறிய அன்று எல்லோரும் வெட்டுவார்கள். அன்றைக்குத்தான் வாடகை வண்டி கிடைக்காது. வெட்டிய குலை வரப்பில் வெயிலில் கிடக்கும். சாயங்காலம் வரும் வியாபாரி, காய் வாடிவிட்டது என்று சொல்லி விலையை இறக்குவார். இரண்டு மூன்று வருஷம் இப்படி அடிபட்ட விவசாயி, சொந்தமாக ஒரு டீசல் பிக்கப் வாங்கிவிட்டால் என்ன என்று யோசிப்பது இயற்கைதான்.

யோசிக்கலாம். ஆனால் முன்பணத்துக்கு வீட்டு நகை போகும், மீதிக்குக் கடன். மழை வந்தாலும், காற்றில் வாழை சாய்ந்தாலும், மாதத் தவணை நிற்காது. ஆகவே எந்தக் கம்பெனி வண்டி நல்லது என்று கேட்பதற்கு முன்னால், தன் தோட்டத்தில் விளைவது எத்தனை நடை என்று விவசாயி கணக்குப் போட வேண்டும்.

இரண்டு ஏக்கர் ஏத்தன் போட்டிருப்பவரை எடுத்துக்கொள்வோம். ஏக்கருக்கு ஆயிரம் வாழை, குலை ஒன்று சராசரி 12 கிலோ என்று வைத்தால் மொத்தம் 24 டன். நடைக்கு 1,200 கிலோ, அதாவது நூறு குலை ஏற்றினால் 20 நடை. கூடவே ஓர் ஏக்கர் பிசான நெல்லும், எரு, உரம் கொண்டுவருவதும் சேர்த்து இன்னும் ஐந்து நடை. ஆக வருஷத்துக்கு 25 நடைதான். மீதி 340 நாள் வண்டி வேப்பமரத்தடியில் நிற்கும்.

இனிக் கடனைப் பார்க்கலாம். எட்டு லட்ச ரூபாய், நூற்றுக்குப் பத்து வட்டி, ஐந்து வருஷத் தவணை என்றால் மாதம் சுமார் 17,000 ரூபாய், வருஷத்துக்கு 2,04,000. இதை 25 நடைக்குப் பங்கு போட்டால் ஒரு நடைக்கு 8,160 ரூபாய் விழுகிறது. டீசல், டிரைவர் கூலி, இன்சூரன்ஸ், டயர் எல்லாம் இதற்குமேல். இந்தப் பணத்துக்கு வாடகை வண்டியையே அமர்த்திக்கொள்ளலாம். அதே வண்டி ஊரார் சுமையையும் ஏற்றி வருஷத்துக்கு 150 நடை ஓடினால், நடைக்கு 1,360 ரூபாய்தான் தவணைப் பங்கு. அப்போது கட்டுப்படியாகும். ஆனால் அவர் பாதி விவசாயி, பாதி வண்டிக்காரர் ஆகிவிடுவார் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். வீட்டில் ஓட்டத் தெரிந்த மகனோ தம்பியோ இருந்தால் இது நல்ல தொழில். இல்லாவிட்டால், ஒரே வாய்க்கால் பாசனத்தில் உள்ள நாலைந்து பேர் சேர்ந்து வாங்குவதோ, அறுவடைப் பருவத்துக்கு ஒரு வண்டிக்காரரிடம் முன்கூட்டியே பேசி வைப்பதோ மேல்.

வட்டி விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. ‘ஆறு சதவீதம்தான், ஃபிளாட் வட்டி’ என்று சொன்னால் மயங்கக் கூடாது. எட்டு லட்சத்துக்கு ஐந்து வருஷம் ஆறு சதவீத ஃபிளாட் வட்டி என்றால் மாதத் தவணை 17,333 ரூபாய். குறையும் அசலுக்கு வட்டி போடும் பத்து சதவீதக் கடனைவிட இது அதிகம். சதவீதத்தைக் கேட்காமல், மாதத் தவணை எவ்வளவு, மொத்தம் எத்தனை தவணை என்று கேட்டு வாங்கினால் ஏமாற வழியில்லை. விலைப் பட்டியலையும் புதிதாகக் கேட்டு வாங்க வேண்டும். சரக்கு வண்டிகளுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டுவிட்டது.

எடைதான் முதல் கேள்வி

இந்தப் பக்கத்து விவசாயிகளுக்கு முதலில் அறிமுகமான சிறு சரக்கு வண்டி டெம்போ. இன்றைக்கும் பலர் எந்தச் சின்ன வண்டியையும் ‘டெம்போ’ என்றுதான் சொல்கிறார்கள். 1980-களின் கடைசியில் டாட்டா 207 வந்தது. 2005-இல் வந்த டாட்டா ஏஸுக்குத் தமிழ்நாடே ‘குட்டி யானை’ என்று பெயர் வைத்தது. இரண்டு சிலிண்டர், சுமார் 700 சி.சி. எஞ்சின், முக்கால் டன் சுமை என்று வந்த வண்டி அது. தோட்டத்திலிருந்து நயினார்குளம் மார்க்கெட்டுக்கோ பாவூர்சத்திரம் சந்தைக்கோ காய்கறி கொண்டுபோக இந்த அளவு போதும். யானை என்ற பெயரை நம்பி ஒன்றரை டன் ஏற்றுவதுதான் தப்பு. 2011-இல் அசோக் லேலண்டின் தோஸ்த் வந்தது. மூன்று சிலிண்டர், ஒன்றரை லிட்டர் டீசல் எஞ்சின், ஒன்றேகால் டன் சுமை. மகிந்திராவின் பொலிரோ பிக்கப்பில் நான்கு சிலிண்டர், இரண்டரை லிட்டர் எஞ்சின் வருகிறது. 2022-இல் டாட்டா யோதாவில் இரண்டு டன் மாடலும் வந்தது.

இவற்றில் எது என்பதை விளம்பரத்தைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. ‘1.4 டன் வண்டி’ என்று விற்பனையாளர் சொல்வது முழுவதும் குலைக்குரிய எடை அல்ல. ஆர்.சி. புத்தகத்தில் மொத்த எடை என்றும், வெறும் வண்டி எடை என்றும் இரண்டு எண் இருக்கும். மொத்த எடை 3,000 கிலோ, வெறும் எடை 1,600 கிலோ என்றால் மிச்சம் 1,400. இதில் டிரைவரும் கூட ஏறும் ஆளும் சேர்த்தி. பக்கவாட்டில் குலை சரியாமல் இருக்க அடிக்கும் இரும்புச் சட்டம், கயிறு, தார்ப்பாய் எல்லாமும் சேர்த்தி. அதெல்லாம் கழித்தால் 1,200 கிலோ நிற்கும். பட்டறையில் சட்டம் அடித்த பிறகு ஒருமுறை எடைமேடையில் வெறும் வண்டியை நிறுத்திப் பார்ப்பது நூறு ரூபாய் காரியம். அதைச் செய்கிறவர்கள் குறைவு.

அமெரிக்காவில் பிக்கப் வண்டிகளை அரை டன், முக்கால் டன், ஒரு டன் என்று சுமையை வைத்துத்தான் ஆதியில் பெயரிட்டார்கள். நாளாவட்டத்தில் வண்டி பெருத்துச் சுமைக்கும் பெயருக்கும் சம்பந்தமில்லாமல் போயிற்று. நம் ஊரிலும் வண்டியின் பெயரில் உள்ள எண்ணை நம்பாமல் ஆர்.சி. புத்தகத்தை நம்புவதே சரி.

எடையில் இன்னொரு கணக்கும் உண்டு. மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்குப் பர்மிட் தேவையில்லை என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 66-ஆவது பிரிவு சொல்கிறது. கேரளத்துக்கு ஓடுகிறவர்களுக்கு இது பெரிய சௌகரியம். ஆகவே 3,000-க்குச் சற்றுக் கீழே உள்ள மாடலா, மேலே உள்ள மாடலா என்று வாங்கும்போதே கேட்க வேண்டும். லைசென்ஸைப் பற்றிப் பலருக்குச் சந்தேகம் இருந்தது. மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை இலகுரக வாகன லைசென்ஸ் வைத்திருப்பவர் ஓட்டலாம் என்று 2024 நவம்பர் 6 அன்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்துவிட்டது.

கூடுதல் சுமைக்கு 2019-இல் திருத்திய சட்டப்படி அபராதம் 20,000 ரூபாய். அதிகப்படியான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000. பின் ஸ்பிரிங்கில் இரண்டு பட்டை கூடுதலாகப் போட்டுவிட்டால் எவ்வளவும் ஏற்றலாம் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. பட்டை தாங்கும், பிரேக், ஆக்சில், சேஸிஸ் தாங்காது. ஸ்பிரிங் வளையாததால் சுமை அதிகம் என்பதே கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. அதுதான் இதில் உள்ள ஆபத்து.

போகும் வழியையும் பார்க்க வேண்டும்

களக்காட்டிலிருந்து கேரளம் போகும் வண்டி பணகுடி, காவல்கிணறு, ஆரல்வாய்மொழி வழியாகப் போகும். ஏற்றம் அதிகமில்லை. ஆனால் ஓணச் சமயம் கணவாயில் காற்று வீசும் காலம். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. குலையைக் கேபினுக்கு மேலே உயர அடுக்கினால் பக்கக் காற்று வண்டியைத் தள்ளும். எனவே உயரம் ஏற்றுவதைவிட நீளமான தொட்டியுள்ள மாடல் நல்லது. எட்டடி, ஒன்பதடி, பத்தடி என்று தொட்டிகள் வருகின்றன. ஆனால் தொட்டி நீண்டால் வாய்க்கால் கரையில் திருப்ப முடியாது. கன்னடியன் கால்வாய்க் கரையிலோ கோடகன் கால்வாய்க் கரையிலோ தன் வயலுக்குத் திரும்பும் முடுக்கின் அகலத்தை அளந்துவிட்டுத்தான் ஒருவர் கடைக்குப் போக வேண்டும்.

தென்காசி, செங்கோட்டைப் பக்கத்து விவசாயிகளுக்கு வேறு கவலை. புளியரைக்கு அப்பால் ‘எஸ்’ வளைவில் ஏறி ஆரியங்காவு இறங்க வேண்டும். இங்கே குதிரைசக்தியைவிட இழுவைதான் முக்கியம். விவரத் தாளில் ‘டார்க்’ என்ற தலைப்பில், நியூட்டன் மீட்டரில் கொடுத்திருப்பார்கள். அந்த எண் எத்தனை சுற்று வேகத்தில் கிடைக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். குறைந்த சுற்றிலேயே கிடைத்தால் கிளட்சைக் கருக்காமல் ஏறலாம். ஒரே சுமைக்குச் சின்ன எஞ்சின் முக்கி முனகுவதைவிடப் பெரிய எஞ்சின் அலட்டாமல் இழுப்பது ஆயுளுக்கு நல்லது. டீசல் கொஞ்சம் கூடச் செலவானாலும் சரி. இறங்கும்போது, ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் லைனிங் சூடேறி, வேண்டிய நேரத்தில் பிடிக்காது. ஏற்றம் முடிந்து டீக்கடையில் நிறுத்தினால் எஞ்சினை உடனே அணைக்காமல் ஒன்றிரண்டு நிமிஷம் ஓடவிட வேண்டும். டர்போவுக்கு ஆயில் போய்ச் சூடு தணிய அந்த அவகாசம் தேவை.

2020 ஏப்ரல் முதல் விற்கும் புதிய டீசல் வண்டிகள் எல்லாம் பி.எஸ்.-6 விதிப்படி அமைந்தவை. புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. நெடுஞ்சாலையில் சூடாக ஓடும்போது அந்தக் கரி தானே எரிந்துவிடும். வயலுக்கும் வீட்டுக்கும் மூன்று நான்கு கிலோமீட்டர் மட்டுமே ஓடும் வண்டியில் கரி எரியாமல் அடைத்துக்கொள்ளும். டாஷ்போர்டில் விளக்கு எரியும். விளக்கைக் கண்டும் ஓட்டினால் செலவு பெரிதாகும். வாரம் ஒருமுறையாவது நல்ல சாலையில் அரைமணி ஓட்ட முடியாதவர்கள் டீசல் வண்டியை விட்டுப் பெட்ரோல் அல்லது கேஸ் வண்டியைப் பார்ப்பதே உத்தமம்.

சில மாடல்களில் யூரியாக் கரைசலுக்கு என்று தனித் தொட்டி இருக்கும். நீரில் 32.5 சதவீதம் சுத்தமான யூரியா கலந்தது அது. வீட்டில்தான் யூரியா மூட்டை இருக்கிறதே என்று அதைக் கரைத்து ஊற்றிவிடக் கூடாது. 2015 முதல் உர யூரியா வேப்பெண்ணெய் பூசித்தான் வருகிறது. அந்த எண்ணெயும் மற்றக் கசடும் ஊசித்துளையை அடைத்து, கரைசல் பாயும் கருவியையே பாழாக்கிவிடும். மானிய உரத்தை வேறு காரியத்துக்கு எடுப்பது சட்டப்படியும் குற்றம்.

வண்டியைப் பார்க்கக் கடைக்குப் போவதற்கு முந்தின நாள், அம்பாசமுத்திரத்திலோ வள்ளியூரிலோ வழக்கமாக வேலை செய்யும் மெக்கானிக்கிடம் போவது நல்லது. அந்த மாடலுக்கு ஸ்கேனர் இருக்கிறதா, கிளட்ச் பிளேட்டும் கிராஸும் வீல் பேரிங்கும் உள்ளூரில் கிடைக்குமா, கம்பெனி சர்வீஸுக்கு எவ்வளவு தூரம் போக வேண்டும் என்று கேட்க வேண்டும். குலை ஏற்றிய வண்டி ஒருநாள் நின்றால் காய் பழுத்துவிடும்.

பழைய வண்டியானால்

கையில் பணம் குறைவாக உள்ளவர்கள் பழைய வண்டி பார்ப்பார்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் தாமிரபரணி கரைபுரண்டு திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் ஏராளமான வண்டிகள் நீரில் மூழ்கின. கழுவிப் பெயிண்ட் அடித்தால் வெளியே தெரியாது. சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்துப் பார்த்தால் உள்சுருளில் வண்டல் தெரியும். சீட்டுக்கு அடியில், விளக்குக் கண்ணாடிக்குள், ஒயர் இணைப்புகளில் பச்சைக் களிம்பு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வரக் கூடாது. பின் ஸ்பிரிங் மாட்டும் இடத்தில் சேஸிஸில் வெல்டிங் இருந்தால் அந்த வண்டி அளவுக்குமேல் சுமந்த வண்டி. எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். டயரில் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் ஆக்சிலைச் சந்தேகிக்க வேண்டும்.

கடன் பதிவு ஆர்.சி.யில் இருந்தால் அதை நீக்கிய பிறகே பணம் கொடுக்க வேண்டும். எஃப்.சி. எட்டு வருஷம் வரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, அதன்பின் வருஷந்தோறும் எடுக்க வேண்டியது. ஆகவே எட்டு வருஷத்தைத் தாண்டிய வண்டிக்கு அந்தச் செலவையும் விலையில் கழித்துப் பேசலாம்.

பேரம் முடியுமுன் விற்பவரின் சம்மதத்தோடு எண்பது தொண்ணூறு குலை ஏற்றி, ஒரு மேட்டில் நிறுத்தி, அங்கிருந்து முதல் கியரில் எடுத்துப் பார்க்க வேண்டும். கிளட்ச் வாடை வந்தால் மறு பேச்சு வேண்டாம். காலி வண்டியில் நெடுஞ்சாலையில் ஒரு சுற்றுப் போய்வருவதை மட்டும் வைத்து விலை பேசக் கூடாது.