துணைக்கும் சேர்த்தால் மாதம் நூறு டாலர் கூடுதல்

நவம்பர் பிறந்துவிட்டால் என் மேசையில் ஃபோன் ஓயாது. நியூஜெர்சியில் ஒரு நடுத்தர நிறுவனத்தின் ஹெச்ஆர் பிரிவில் ஊழியர்களின் மருத்துவக் காப்பீட்டைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அடுத்த ஆண்டுக்கு எந்தத் திட்டம், யார் யார் பெயரைச் சேர்ப்பது என்று முடிவுசெய்யும் ‘ஓப்பன் என்ரோல்மென்ட்’ காலம் இங்கே பெரும்பாலும் இலையுதிர் காலத்தில் வரும். சில வாரங்கள்தான் கெடு. எங்களிடம் தமிழ்ப் பிள்ளைகள் நிறையப் பேர் இருப்பதால் பாதிப் பேச்சு தமிழிலேயே நடக்கும். அதில் அடிக்கடி வரும் கேள்வி இது: “அக்கா, ஸ்பௌசல் சர்சார்ஜுன்னு மாசம் நூறு டாலர் பிடிப்போம்னு போட்டிருக்கே, அது எதுக்கு?”

விஷயம் இதுதான். உங்கள் மனைவி வேறொரு இடத்தில் வேலை பார்க்கிறார். அங்கே அவருக்குக் காப்பீடு தரத் தயாராக இருக்கிறார்கள். அதை வேண்டாம் என்று விட்டுவிட்டு அவர் உங்கள் திட்டத்தில் சேர்ந்தால், வழக்கமான பிரீமியத்துக்கு மேலே உங்கள் சம்பளத்தில் ஒரு தொகையைப் பிடிப்பார்கள். மனைவியின் திட்டத்தில் சேரும் கணவருக்கும் இதே கதைதான். எங்கள் நிறுவனத்தில் அது மாதம் 100 டாலர். சில இடங்களில் குறைவு, சில இடங்களில் இன்னும் அதிகம். இன்னும் சில நிறுவனங்கள், வேறு காப்பீடு கிடைக்கும் துணையைச் சேர்க்கவே மாட்டோம் என்று கதவைச் சாத்திவிடுகின்றன.

இது சட்டப்படி செல்லுமா என்று கோபமாகக் கேட்பவர்கள் உண்டு. செல்லும். ஒபாமா காலத்தில், 2010-இல் வந்த காப்பீட்டுச் சட்டம், பெரிய நிறுவனங்கள் ஊழியருக்கும், 26 வயது வரை அவருடைய பிள்ளைகளுக்கும் காப்பீடு தர முன்வர வேண்டும், தவறினால் அபராதம் என்கிறது. கணவன் மனைவியைப் பற்றி அந்த விதி பேசவில்லை. அந்த இடைவெளியில்தான் இந்தக் கட்டணம் வளர்ந்தது. 2013-இல் யுபிஎஸ் என்ற பார்சல் நிறுவனம், தொழிற்சங்கத்தில் இல்லாத தன் ஊழியர்களின் துணைவர்களில் வேறு இடத்தில் காப்பீடு கிடைக்கக்கூடிய சுமார் 15,000 பேரை அடுத்த ஆண்டு முதல் நீக்கப்போவதாக அறிவித்தது. அதனால் ஆண்டுக்குச் சுமார் 6 கோடி டாலர் மிச்சமாகும் என்பது அவர்கள் கணக்கு. அந்தச் செய்தி வந்த நாட்களில் நாடு முழுக்க இதைப் பற்றித்தான் பேச்சு.

நிறுவனங்கள் ஏன் இப்படிச் செய்கின்றன என்பதற்கும் கணக்கு இருக்கிறது. கேஎஃப்எஃப் என்ற ஆய்வு அமைப்பு ஆண்டுதோறும் எடுக்கும் கணக்கெடுப்பின்படி, 2024-இல் ஒரு குடும்பத்துக்கான காப்பீட்டின் சராசரி ஆண்டு பிரீமியம் 25,572 டாலர். அதில் ஊழியர் கட்டுவது 6,296 டாலர். மீதியை முதலாளி கட்டுகிறார். ஒரு துணை வேறு திட்டத்துக்குப் போனால் அந்தப் பாரம் இன்னொரு முதலாளியின் தோளுக்கு மாறுகிறது. மருத்துவச் செலவு ஒரு டாலர்கூடக் குறைவதில்லை. இதைப் பக்கத்திலிருந்து பார்ப்பவள் என்ற முறையில் எனக்கு இதில் வருத்தம் உண்டு.

சரி, கட்டணத்தைக் கட்டுவதா, துணையைத் தனித் திட்டத்துக்கு அனுப்புவதா? நூறு டாலரை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்வேன். சில ஆண்டுகளுக்கு முன் மதுரைப் பக்கத்துத் தம்பி ஒருவர் வந்தார். அவர் மனைவிக்கு மருந்துக்கடை ஒன்றில் வேலை. “அவளை அவ கம்பெனி பிளானுக்கே மாத்திடறேன் அக்கா, எதுக்கு தண்டம் கட்டணும்?” என்றார். அந்தம்மாவின் திட்ட விவரத்தைக் கொண்டுவரச் சொன்னேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம்.

எங்கள் திட்டத்தில் மனைவியைச் சேர்க்க மாதம் 210 டாலர். சர்சார்ஜ் 100. ஆக 310. அவர் தன் சொந்தத் திட்டத்தில் சேர்ந்தால் 165 போதும். மாதத்துக்கு 145, ஆண்டுக்கு 1,740 டாலர் மிச்சம். இங்கேயே நிறுத்தியிருந்தால் தம்பி சொன்னதுதான் சரி. ஆனால் டிடக்டிபிள் என்று ஒன்று இருக்கிறது: காப்பீடு பணம் தரத் தொடங்குவதற்கு முன் நம் கையிலிருந்து நாம் கட்டித் தீர்க்க வேண்டிய தொகை. எங்கள் திட்டத்தில் ஒருவருக்கு அது 750 டாலர். அந்தம்மாவின் திட்டத்தில் 3,000. அவர் அப்போது நான்கு மாதக் கர்ப்பிணி, பிரசவம் ஏப்ரலில். பிரசவம் என்றால் அந்த 3,000-மும் முழுசாகப் போய்விடும். வித்தியாசம் 2,250. மிச்சமாகும் 1,740-ஐ அது விழுங்கிவிடுகிறது. போதாக்குறைக்கு, அவர் பார்த்துக்கொண்டிருந்த பிரசவ மருத்துவர் அந்தத் திட்டத்தின் பட்டியலிலேயே இல்லை. சர்சார்ஜ் கட்டி எங்கள் திட்டத்திலேயே இருந்தார். அடுத்த நவம்பரில் மறுபடி கணக்குப் போட்டோம். தாயும் சேயும் நலம், பெரிய செலவு எதுவும் எதிர்பார்க்கவில்லை. அந்தம்மா தன் திட்டத்துக்கு மாறினார். பிள்ளை அப்பாவின் திட்டத்தில் இருந்தது. பிள்ளைகளுக்கு இந்தக் கட்டணம் கிடையாது.

யாருக்கெல்லாம் கட்டணம் இல்லை என்பதை நம்மவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். எச்-4 விசாவில் வந்து, வேலைக்கான அனுமதி இல்லாமல் வீட்டில் இருக்கும் மனைவிக்கு வேறு முதலாளியே இல்லை. ஆகவே சர்சார்ஜும் இல்லை. சொந்தத் தொழில் செய்பவர், காப்பீடு தராத இடத்தில் பகுதி நேரம் வேலை பார்ப்பவர் ஆகியோருக்கும் பொதுவாகக் கிடையாது. ஆனால் இதையெல்லாம் நிறுவனம் தானாகத் தெரிந்துகொள்ளாது. ஆண்டுதோறும் ஓர் உறுதிமொழிப் படிவம் வரும்: ‘என் துணைக்கு வேறு முதலாளி வழியாகக் காப்பீடு கிடைக்கவில்லை’ என்று நாம் அறிவிக்க வேண்டும். அதை நிரப்பாமல் விட்டால் பல இடங்களில் கட்டணம் தானாகவே விழுந்துவிடும். மனைவி வீட்டில்தானே இருக்கிறாள் என்று படிவத்தைத் திறந்துகூடப் பார்க்காமல், மாதாமாதம் நூறு டாலர் கொடுத்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பொய்யாக எழுதுவது அதைவிட ஆபத்து. துணையின் அலுவலகத்திலிருந்து கடிதம் கேட்போம். பிடிபட்டால் பழைய பாக்கியும் சேர்ந்து வரும், வேலைக்கே கூட வினையாகலாம்.

என்னை உறுத்துவது வேறொரு கூட்டம். கணவருக்கு நல்ல கம்பெனி, மனைவிக்குக் கடையிலோ பள்ளியிலோ சொற்பச் சம்பளம். அவர் இடத்தில் காப்பீடு என்ற பெயரில் ஒன்று இருக்கிறது. பிரீமியமோ சம்பளத்தைத் தின்கிறது, டிடக்டிபிளோ எட்டாத உயரம். ஆனாலும் படிவம் கேட்பது ‘கிடைக்கிறதா, இல்லையா’ என்ற ஒன்றைத்தான். வாஷிங்டன் மாநில அரசு தன் ஊழியர்களிடம் இந்தக் கட்டணத்தை 2014 முதல் வசூலிக்கிறது, மாதம் 50 டாலர். ஆனால் துணைக்குக் கிடைக்கும் திட்டத்தின் விலையையும் தரத்தையும் அரசுத் திட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, அது ரொம்ப விலை கூடியதாகவோ சத்தில்லாததாகவோ இருந்தால் கட்டணம் இல்லை என்று விட்டுவிடுகிறார்கள். எங்கள் நிறுவனத்திலும் அப்படி ஒரு விதி வேண்டும் என்று மேலிடத்தில் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன். குறைந்த சம்பளக்காரரின் வீட்டில் நூறு டாலர் என்பது ஒரு வாரத்து மளிகை.

இன்னொன்று, இது நவம்பரோடு முடிகிற காரியமும் இல்லை. துணைக்கு வேலை போய், அதோடு காப்பீடும் போய்விட்டால், ஆண்டின் நடுவிலும் உங்கள் திட்டத்தில் சேர்க்கலாம். குழந்தை பிறந்தாலும் அப்படித்தான். ஆனால் பெரும்பாலான திட்டங்களில் அதற்கு 30 நாள்தான் கெடு. ஏற்கெனவே சர்சார்ஜ் கட்டி துணையை உங்கள் திட்டத்தில் வைத்திருந்து, அவருக்கு வேலை போனாலும் உடனே சொல்லுங்கள். வேலை போன கவலையில் இது யாருக்கும் நினைவுக்கு வராது, தெரியும். அவர் அலுவலகம் தரும் கடிதத்தை எடுத்துக்கொண்டு அந்த வாரமே ஹெச்ஆரிடம் போய்விடுங்கள். அடுத்த சம்பளத்திலிருந்தே அந்தக் கட்டணத்தை எங்களால் நிறுத்த முடியும்.