பம்ப் எங்கடா வச்சிருக்க?

இன்னைக்கு கோடிங் இல்ல, வீசிங்.

சங்கரன்கோவில்ல நான் ஒன்பதாவது படிச்சப்ப, என் இன்ஹேலர் பைக்கு அடியில கர்ச்சீப் சுத்திக் கிடக்கும். எங்க தெருவுல பல வீட்டுல விசைத்தறி, பஞ்சுத் தூசி பறக்கும். ஆச்சி, "எய்யா, பம்ப் அடிச்சா பழகிரும், யார்கிட்டயும் காட்டாத"ன்னு சொல்லி, கோயில் புற்றுமண்ணைக் கரைச்சுத் தருவாங்க. ஒருநாள் விளையாட்டு பீரியட்ல இழுப்பு வந்துருச்சு. பசங்க பதறிப்போய் சோடா வாங்கிட்டு வந்தாங்க. பம்ப் பைக்குள்ளயே இருந்துச்சு.

இதுல ரெண்டு வகை உண்டு. சல்பூட்டமால், பெரும்பாலும் நீல நிறம்: சுருங்கின மூச்சுக்குழாயைச் சில நிமிஷத்துல விரிக்கும். இன்னொன்னு புடசோனைடு மாதிரி ஸ்டீராய்டு: உள்ள இருக்கிற வீக்கத்தைக் குறைக்கும், ஆனா தினமும் எடுக்கணும், பலன் தெரிய நாளாகும். நான் நீலத்தை மட்டும் அடிச்சுட்டு இருந்தேன். பக் அப்படியே இருக்க, அலெர்ட்டை மட்டும் ஆஃப் பண்ற மாதிரி. ஸ்டீராய்டுன்னா வீட்டுல பயம். ஆனா அளவு மைக்ரோகிராம்ல, நேரா நுரையீரலுக்குப் போகுது. அடிச்சதும் வாய் கொப்பளிச்சுடணும்.

சரி, இதை யார் சொல்லணும்? ஆஸ்திரேலியாவுல 'டிரிபிள் ஏ'ன்னு ஒரு திட்டம். 11-ம் வகுப்புப் பசங்களுக்குப் பயிற்சி, அவங்க 10-ம் வகுப்புக்கு மூணு பாடம் எடுப்பாங்க, அந்த 10-ம் வகுப்பு நாடகம், பாட்டுன்னு 7-ம் வகுப்புக்கு நடத்திக் காட்டும். கிராமப்புறத்துல ஆறு பள்ளியில சோதிச்சு 2001-ல வெளியிட்டாங்க. திட்டம் நடந்த பள்ளிகள்ல லீவு குறைஞ்சது. நடக்காத பள்ளிகள்ல, ஸ்கூல்ல இழுப்பு வர்றது கூடியிருந்தது. டீச்சர் சொன்னா பாடம், அண்ணன் சொன்னா விஷயம். அவ்ளோதான்.

அங்க முதலுதவி 4-4-4. நிமிர்ந்து உட்கார வச்சு, ஸ்பேசர் வழியா நீலப் பம்ப் 4 முறை. ஒவ்வொரு முறைக்கும் 4 மூச்சு. 4 நிமிஷம் பாருங்க. குறையலையா, மறுபடி 4, உடனே 108. படுக்க வைக்காதீங்க.

நம்ம ஊர்ல ஒண்ணுமே இல்லன்னு சொல்ல முடியாது. 2013-ல வந்த ஆர்.பி.எஸ்.கே. மருத்துவக் குழு அரசுப் பள்ளிகளுக்கு வந்து பார்க்கிற பிரச்சினைகள்ல இழுப்பும் ஒண்ணு. 2020-ல வந்த ஆயுஷ்மான் பாரத் பள்ளித் திட்டத்துல பள்ளிக்கு ரெண்டு ஆசிரியர்கள் ஆரோக்கியத் தூதர்கள். இதுக்கு மேல பிளஸ் ஒன் பசங்களைச் சேர்த்தா போதும்னு நான் நினைக்கிறேன். புது ஆப் எதுவும் வேண்டாம், அதைக் கட்டுறவன் நானே சொல்றேன்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப சித்தி மகள்கிட்ட கேட்டேன், பம்ப் எங்கன்னு. பையோட முன் ஜிப்லயாம். பக்கத்து சீட்டுப் பொண்ணுக்கும் அடிச்சுவிடத் தெரியுமாம். சித்திக்குத்தான் கோபம்: "ஊருக்கே சொல்லணுமாக்கும்? நாளைக்கு மாப்பிள்ளை பார்க்க வேண்டாமா?"