சிலம்பும் சுவர்கள்

மலைக்குச் சிலம்பு என்பதும் ஒரு பெயர். ஒலித்தலைச் சிலம்புதல் என்றலும் தமிழ் வழக்கு. நெடுநல்வாடையில் பாண்டியன் கோயிலை வருணிக்கும் நக்கீரர், புரவிகளின் குரலும், தூம்பினின்று விழும் நீரின் ஒலியும், மயில்களின் அகவலும் கூடி அக்கோயில் மலைச்சாரல் போலச் சிலம்பியது என்பார். அரண்மனைக்கு அம்முழக்கம் பெருமையாகலாம். வகுப்பறைக்கு அஃது இடுக்கண்.

2009 மே மாதத்தில் போர் முடிந்தபின் கிளிநொச்சிப் பகுதிக்கு மீண்ட பிள்ளைகளுக்கு மரநிழலிலும் தகரக் கொட்டிலிலும் பாடஞ் சொன்னோருள் யானும் ஒருவன். சில ஆண்டுகளில் எம் பள்ளிக்குச் சீமெந்துச் சுவரும் மாபிள் தரையும் பளபளக்கும் புதிய அறைகள் வாய்த்தன. எல்லோரும் மகிழ்ந்தோம். அங்கே நடந்த சொல்வதெழுதலில், பின்வாங்கில் இருந்த மாணாக்கன் ஒருவன் ‘மலை’ என்றதை ‘மழை’ என்றும், ‘கலை’ என்றதைக் ‘களை’ என்றும் எழுதினான். கவனமின்மை என்று கடிந்தேன். செல் வெடித்ததில் அவனுடைய ஒரு செவி பழுதுற்றிருந்ததைப் பின்னர் அவன் தாயார் சொல்லித்தான் அறிந்தேன். “கொட்டிலிலே நீங்கள் படிப்பிச்சது விளங்கினது, சேர், இங்கே எல்லாம் கலந்து கேட்குது” என்றான் பையன். அச்சொல் என்னை இரவெல்லாம் உறுத்தியது.

கொட்டிலிற் கேட்டது கட்டடத்திற் கேளாமைக்குக் காரணம் யாது? 1895 இல் அமெரிக்காவின் ஹாவாட் பல்கலைக்கழகத்தில், ஃபொக் கலைக்கூடத்து விரிவுரை மண்டபத்திற் பேச்சு விளங்காமை கண்டு, அதனைத் திருத்தும் பணியை வாலஸ் கிளெமென்ற் சபைன் என்னும் இளம் ஆசிரியரிடம் ஒப்புவித்தனர். அங்கு எழுந்த ஒலி அடங்க ஐந்தரை விநாடி சென்றது. அவர் அயல் அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவிலே கொணர்ந்து பரப்பி, ஒலி அடங்கும் காலத்தை அளந்தார். திறந்த சாளரத்தையே ஒலியை முற்றும் விழுங்கும் பொருளாகக் கொண்டு பிறவற்றை அதனோடு ஒப்பிட்டார். எம் கொட்டிலுக்கு மூன்று புறமும் சுவரில்லை. முழுவதும் திறந்த சாளரமே!

7.5 மீற்றர் நீளமும் 6 மீற்றர் அகலமும் 3.5 மீற்றர் உயரமும் கொண்ட அறையொன்று எப்புறமும் வன்மையான வழுவழுப்புப் பூச்சுடையதாயின், ஆளின்றி அடைத்திருக்கும்போது ஒலி அடங்க ஏறத்தாழ 5 விநாடி செல்லும். முப்பது பிள்ளைகள் அமர்ந்தால் 2 விநாடிக்குச் சற்றுக் குறையும். வகுப்பறைக்கு அமெரிக்க நியமம் வகுத்த எல்லையோ 0.6 விநாடி. ஒரு விநாடியில் நாம் நாலைந்து அசை பேசுகின்றோம். முன்னசையின் உயிரொலி அடங்குமுன் பின்னசையின் மெய்யொலி பிறந்தால், லகரமேது, ழகரமேது?

கிடுகுக் கூரையின் இடுக்குகள் ஒலியை விழுங்கின. ஆயினும் பழமையே நன்றென்று வாதிட வந்தேனல்லேன். கறையானையும் தீயையும் வன்னியார் நன்கறிவர். நுண்டுளை மலிந்த தடித்த பொருள் எதுவும் ஒலியை உண்ணும். சுவரினின்று இரு விரற்கிடை விலக்கித் தொங்கவிட்ட தும்புப் பாய் போதும். அழகு கருதி அதன்மேற் பெயின்ற் பூசினால் துளையடைத்துப் பயன் கெடும். மாரியில் ஆசிரியர் குரலை அமிழ்த்தும் தகரக் கூரைக்கோ உள்முகடு இட்டாலன்றி உய்வில்லை.

ஒன்று நினைவிற் கொள்ளல் வேண்டும். தும்பு தன் அறையின் முழக்கத்தைத் தணிக்குமேயன்றி அயலறை இரைச்சலைத் தடுக்காது. அதற்குக் கனத்த சுவர் இடைவெளியின்றிக் கூரைமட்டும் உயர வேண்டும். அங்ஙனம் உயர்த்தினால் அறைகளூடே காற்றோடுவது குறையும்; சித்திரை வெயிலில் வன்னியிலே அத்துன்பம் சிறிதன்று. வெளிச்சுவர்ச் சாளரங்களைப் பெருக்கியே ஈடுசெய்ய வேண்டும்.

பெற்றோர் சிலர் உதவ, பின்சுவர் முழுவதும் தும்புப் பாய் கட்டினோம். பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டிக் கதிரைக் கால்களுக்கு உறையிட்டோம். மாபிள் தரையிற் கதிரை இழுபடும் கிறீச்சொலி நின்றது. பையனை முன்வாங்கில், நல்ல செவி என்பக்கமாக இருத்தினேன். அடுத்த சொல்வதெழுதலில் ‘மலை’ மலையாகவே நின்றது. ‘களை’ மட்டும் கலையாகிவிட்டது. இடைச்சுவரை உயர்த்தப் பணம் சேரவில்லை. அடுத்த வகுப்பின் பெருக்கல் வாய்பாடு இன்றும் எம் செய்யுட் பாடத்தினூடே கேட்கின்றது.