ஆடு உரிக்க எந்தக் கத்தி?

கோலசிலாங்கூர் தோட்டங்களில் தீபாவளிக்கு முன்பு நாலைந்து குடும்பங்கள் பணம் போட்டு ஓர் ஆட்டை வாங்கி, உரித்துக் கூறு போட்டுக்கொள்வது இன்றும் உண்டு. ஆட்டின் விலைக்கு அரை மணி நேரம் பேரம் பேசுகிறவர்கள் கத்தியைப் பற்றி யோசிப்பதில்லை. வீட்டில் கிடக்கும் பாராங்கையே தூக்கிக்கொண்டு போகிறார்கள். வேலை முடியும்போது தோலோடு பாதிக் கொழுப்பு போயிருக்கும், இறைச்சியில் ரோமம் ஒட்டியிருக்கும், யாராவது ஒருவர் விரலில் துணிக்கட்டு இருக்கும்.

பாராங் மட்டமான கத்தி அல்ல. அதன் வேலை வேறு. பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகில் உள்ள தென்னமரம் தோட்டத்தில்தான் 1917இல் இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனை பயிரிடப்பட்டது. (பெயரைப் பாருங்கள், நம் தென்னை மரமேதான்!) அன்று முதல் நம் கைக்குப் பழகியவை மட்டை வெட்டவும் குலை அறுக்கவும் புதர் அழிக்கவும் செய்த கனமான கருவிகள். ஓங்கி வெட்டும்போது முறியாமல் இருக்க அவற்றின் விளிம்பைத் தடிப்பாக விடுவார்கள். தோல் உரிப்பதோ ஓங்கி வெட்டும் வேலை அல்ல. தோலுக்கும் சதைக்கும் நடுவே உள்ள மெல்லிய சவ்வை வருடிப் பிரிக்கும் வேலை. அதற்கு நான்கு முதல் ஐந்து அங்குல அலகு, மெல்லிய விளிம்பு, சற்றே வளைந்த வயிற்றுப் பக்கம் போதும். ஆறு அங்குலத்தைத் தாண்டினால் முனை எங்கே போகிறது என்று கைக்குத் தெரியாது. முனை குடலைக் குத்தினால் அதிலுள்ள கிருமிகள் இறைச்சி முழுக்கப் பரவும்.

விலை எதற்கு என்று பார்ப்போம். கத்தியின் தரம் பெரும்பாலும் பளபளப்பில் இல்லை, சூட்டில் இருக்கிறது. எஃகு என்பது இரும்பும் சிறிது கரியும். லாரியின் வில்பட்டையில் கரி ஏறக்குறைய 0.6 விழுக்காடு இருக்கும். அதைச் சுமார் 800 பாகைக்கு மேல் காய்ச்சி எண்ணெயில் சட்டென்று தோய்த்தால், கரி அணுக்கள் வெளியேற நேரமில்லாமல் இரும்பின் படிக அடுக்குக்குள் சிக்கிக்கொள்ளும். அடுக்கு இறுகிப்போகும். இந்த நிலைக்கு மார்ட்டன்சைட் என்று பெயர். அப்படியே விட்டால் கண்ணாடி போல உடையும். அதனால் மறுபடியும் 200 பாகை அளவில் மெதுவாகச் சூடாக்கி முரட்டுத்தனத்தைக் குறைப்பார்கள். இந்த இரண்டாவது சூடு சரியாக அமைந்தால், வில்பட்டையில் அடித்த சின்னக் கத்தி வெளிநாட்டுக் கத்தியோடு போட்டி போடும். அமையாவிட்டால் எவ்வளவு விலை கொடுத்தும் பயனில்லை.

வாங்குமுன் இரண்டு சோதனை செய்யலாம். ஒரு சிறு காந்தத்தை அலகில் வையுங்கள். துருப்பிடிக்காத கத்தி என்று விற்பதில் காந்தம் ஒட்டவில்லை என்றால், அது பெரும்பாலும் பாத்திரம் செய்யும் ரகம். அதைக் காய்ச்சித் தோய்த்துக் கடினமாக்க முடியாது; கூர் நிற்காது. ஒட்டினால் மட்டும் நல்ல கத்தி ஆகிவிடாது என்பதையும் நினைவில் வையுங்கள். அடுத்தது அரம். கடைக்காரர் அனுமதித்தால், பிடிக்கு அருகே விளிம்பின் கடைக்கோடியில் மெதுவாக ஒரு முறை இழுத்துப் பாருங்கள். அரம் வழுக்கினாலோ அரைகுறையாகப் பிடித்தாலோ நல்லது. வெண்ணெயில் இறங்குவது போல் இறங்கினால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

துருப்பிடிக்காத எஃகா, கரி எஃகா? கரி எஃகு கல்லில் சீக்கிரம் கூராகும், ஆனால் நம் கடலோர ஈரக்காற்றிலும் ரத்தத்தின் உப்பிலும் ஒரே இரவில் துரு பூக்கும். வருடத்தில் இரண்டு முறை மட்டும் கத்தியை எடுக்கும் குடும்பத்துக்குத் துருப்பிடிக்காததே மேல் என்பது என் கருத்து. இறைச்சிக் கடைக்காரர்கள் எலும்பிலிருந்து சதை பிரிக்கப் பயன்படுத்தும், நெகிழிப் பிடி போட்ட கத்தி இதற்கு அருமையாகப் பொருந்தும். ஸ்வீடனின் மோரா ஊர்க் கத்திகளும் மலிவு, நம்பகமானவை. மடக்குக் கத்தி வேண்டாம். மூட்டில் புகுந்த கொழுப்பையும் ரத்தத்தையும் கழுவி எடுக்க முடியாது. பிடி சொரசொரப்பாக இருக்க வேண்டும், கை முன்னால் வழுக்கி அலகுக்குப் போகாதபடி ஒரு தடுப்பும் வேண்டும். வழவழப்பான மரப்பிடி கண்ணுக்கு அழகு, கொழுப்புக் கைக்கு ஆபத்து.

நல்ல கத்தி கெடுவது பெரும்பாலும் சாணை பிடிக்கும் இடத்தில். மின்சாரச் சக்கரத்தில் தீப்பொறி பறக்க அழுத்தும்போது விளிம்பு நீல நிறம் காட்டினால், அங்கே வெப்பம் 300 பாகையை எட்டிவிட்டது என்று பொருள். பட்டறையில் கொடுத்த கடினம் அந்த இடத்தில் குறைந்துபோகும். பிறகு எவ்வளவு தீட்டினாலும் கூர் நிலைக்காது. தண்ணீர் நனைத்த கல்லில் பக்கத்துக்கு 20 பாகைச் சாய்வில் கையால் தீட்டுவதே போதும். மழுங்கிய கத்திதான் விரலை வெட்டும், ஏனென்றால் அதற்கு நாம் அதிகம் அழுத்துகிறோம்.

முடிந்தால் மலிவாக இரண்டு கத்தி வாங்குங்கள். தோலுக்கு ஒன்று, இறைச்சிக்கு ஒன்று. ரோமத்திலுள்ள சாணமும் மண்ணும் அலகு வழியாகத்தான் இறைச்சிக்குப் போகின்றன. இறைச்சிக் கூடங்களில் கத்தியை 82 பாகை வெந்நீரில் முக்கி எடுப்பது இதற்காகத்தான். வீட்டில் கொதிநீர் வாளி ஒன்று பக்கத்தில் இருக்கட்டும்.

மானுக்கும் காட்டுப்பன்றிக்கும் இதே கத்தி பொருந்தும். ஆனால் உரிமம் இல்லாமல் அவற்றை வேட்டையாடுவது 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆடு உரிக்கப் போகும்போதும் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு போகாதீர்கள். துணியில் சுற்றிப் பையில் வையுங்கள். பொது இடத்தில் காரணமின்றி ஆயுதம் வைத்திருப்பதற்கு 1958ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது.

வேலை முடிந்ததும் கழுவித் துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவி, தோல் உறைக்கு வெளியே வைத்துவிடுங்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும், அடுத்த தீபாவளிக்குள் அலகில் குழி விழுந்துவிடும்.