அடித்தால் அடங்குமா நாய்? ஷிஃப்ட் வேலை வீடுகளுக்கு ஒரு 'செல்ல' வழிகாட்டி!

ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் சாலைக்கு ராத்திரி, பகல் என்ற பேதமே கிடையாது. கன்டெய்னர் லாரிகள், புத்தம்புது கார்களை அடுக்கிக்கொண்டு போகும் டிரெய்லர்கள், ஷிஃப்ட் மாறும் நேரத்தில் வரிசைகட்டும் கம்பெனி பஸ்கள் என எப்போதும் ஏதாவது ஓடிக்கொண்டே இருக்கும். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. அதன் பிறகு வல்லம், ஒரகடம், சுங்குவார்சத்திரம் என்று தொழிற்சாலைகள் பெருகப் பெருக, அவற்றைச் சுற்றி குடியிருப்புகளும் பெருகின. அந்த வீடுகளில் இப்போது நாய்களும் இருக்கின்றன.

அப்பாவுக்கு இந்த வாரம் நைட் ஷிஃப்ட், அம்மாவுக்கு ஜெனரல் ஷிஃப்ட், பிள்ளைகளுக்கு ஸ்கூல். யார் எப்போது போவார்கள், எப்போது வருவார்கள் என்று நாய்க்குப் புரிவதே இல்லை. போதாக்குறைக்கு ஏர் பிரேக்கின் 'புஸ்' சத்தமும் ஹாரனும் சேர்ந்துகொள்கின்றன. மனிதக் காது 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். நாயின் காது 40,000-ஐயும் தாண்டிக் கேட்கும். நமக்குக் கேட்காத கிறீச்சொலிகூட அதற்குக் கேட்கும்.

விளைவு? ஜன்னல் பக்கம் பஸ் வந்தால் குரைப்பு. காலிங் பெல் அடித்தால் பாய்ச்சல். பகலில் தூங்க வேண்டிய நைட் ஷிஃப்ட்காரர் எரிச்சலில் செருப்பைத் தூக்குகிறார். 'நாலு போட்டால்தான் அடங்கும்' என்பது நம் ஊரில் காலங்காலமாகச் சொல்லப்படும் வைத்தியம். அது உண்மையிலேயே பலிக்கிறதா?

திமிர் இல்லை, பயம்!

வாலைக் காலுக்கு நடுவே சொருகுவது, காதைப் பின்னால் மடிப்பது, தூக்கம் வராமலேயே கொட்டாவி விடுவது, உதட்டை அடிக்கடி நக்குவது, முகத்தைத் திருப்பிக்கொள்வது... இவையெல்லாம் நாய் பதற்றத்தில் இருப்பதற்கான அறிகுறிகள். இவற்றை நாம் கவனிக்காதபோதுதான் அது உறுமுகிறது. உறுமல் என்பது, 'கொஞ்சம் தள்ளிப் போ, எனக்குப் பயமாக இருக்கிறது' என்ற எச்சரிக்கை.

உறுமியதற்காக அடித்தால் என்ன ஆகும்? உறுமல் நின்றுவிடலாம். ஆனால், பயம் அப்படியே உள்ளே இருக்கும். அடுத்த முறை எச்சரிக்கை எதுவும் இல்லாமல் நேராகப் பல் பதியும். 'திடீர்னு கடிச்சிடுச்சு' என்று சொல்லப்படும் சம்பவங்கள் பலவற்றின் பின்னால் இப்படி அடக்கப்பட்ட உறுமல் இருக்கும். கடிபடுவது பெரும்பாலும் வீட்டுக் குழந்தையோ பக்கத்து வீட்டுக் குழந்தையோதான். அதன் பிறகு அந்த நாயின் கதி? ஏதோ ஒரு சாலையோரம்!

'நான்தான் தலைவன்' கதை எங்கிருந்து வந்தது?

'நாய்க்கு நாம்தான் தலைவன் என்று காட்ட வேண்டும்' என்ற பேச்சை நீங்களும் கேட்டிருப்பீர்கள். 1947-ல் ருடால்ஃப் ஷென்கல் என்ற ஆய்வாளர், அடைத்து வைக்கப்பட்ட ஓநாய்களைக் கவனித்து எழுதியதில் இருந்து கிளம்பிய கருத்து இது. 1970-ல் டேவிட் மெக் எழுதிய ஓநாய் நூல் அதை உலகம் முழுக்கப் பரப்பியது. காட்டில் சுதந்திரமாக வாழும் ஓநாய்களைப் பல ஆண்டுகள் கவனித்த அதே மெக், 1999-ல் அந்தக் கருத்தைத் திருத்தினார். காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் ஒரு குடும்பம். அப்பா, அம்மா, பிள்ளைகள்... அவ்வளவுதான். அங்கே சண்டை போட்டுப் பிடிக்கும் 'தலைவர் பதவி' எதுவும் இல்லை.

பரிசு எப்படி வேலை செய்கிறது?

நல்ல பலன் தரும் செயலை உயிரினங்கள் மறுபடி செய்யும் என்பதை எட்வர்ட் தார்ன்டைக் 1898-லேயே பூனைகளை வைத்துக் காட்டினார். இன்றைய 'பாசிட்டிவ் டிரெய்னிங்'கின் அடித்தளம் அதுதான். வேண்டாததைச் செய்யும்போது அடிப்பதற்குப் பதிலாக, வேண்டியதைச் செய்யும்போது பரிசு கொடுப்பது.

2020-ல் போர்ச்சுகலில் 92 வளர்ப்பு நாய்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. தண்டனை முறையில் பயிற்சி பெற்ற நாய்களிடம் பதற்ற அறிகுறிகள் அதிகமாக இருந்தன. பயிற்சிக்குப் பிறகு அவற்றின் எச்சிலில் கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனும் கூடுதலாக ஏறியிருந்தது. அமெரிக்காவின் விலங்கு நடத்தை கால்நடை மருத்துவர்கள் சங்கம், 2021-ல் வெளியிட்ட அறிக்கையில், எல்லா நாய்களுக்கும் பரிசு அடிப்படையிலான பயிற்சியையே பரிந்துரைத்தது. முரட்டு நாய்களுக்கும் இதேதான்!

தெருநாய்க்கும் தேவை தடவல்தான்

நம் நாட்டிலேயே இதற்கு அழகான சான்று இருக்கிறது. கொல்கத்தா ஐசர் நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் ஆய்வுக்குழு, தெருநாய்களைப் பல ஆண்டுகளாகக் கவனித்துவருகிறது. 2017-ல் வெளியான அவர்களின் ஆய்வு, முன்பின் தெரியாத மனிதர் ஒருவர் திரும்பத் திரும்பச் சந்திக்கும்போது, நாய்களின் நம்பிக்கையை வளர்ப்பதில் உணவைவிட அன்பான தடவலே கூடுதலாகக் கைகொடுக்கிறது என்று கண்டது. இந்தக் குழு 2020-ல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், எந்தப் பயிற்சியும் இல்லாத தெருநாய்கள்கூட மனிதர் கைகாட்டிய திசையைப் புரிந்துகொண்டன. ஆனால், பயந்த சுபாவமுள்ள நாய்கள் கிட்டவே வரவில்லை.

கற்றுக்கொள்ளும் திறமை எல்லா நாய்க்கும் இருக்கிறது. பயம்தான் கதவைச் சாத்துகிறது. அதனால் முதலில் தைரியம், பிறகுதான் மரியாதை! (அதற்காகத் தெரியாத தெருநாயைப் போய்த் தடவாதீர்கள். இது வீட்டுச் செல்லத்துக்கான பாடம்.)

வீட்டிலேயே செய்யலாம்!

* பஸ் சத்தத்துக்குப் பயமா? சத்தம் லேசாகக் கேட்கும் உள்ளறையில் இருந்து ஆரம்பியுங்கள். சத்தம் கேட்டதும், உப்பு காரம் சேர்க்காத, எலும்பு நீக்கிய வேகவைத்த கோழிக்கறி ஒரு சின்னத் துண்டு. சில நாள்களில், சத்தம் வந்தால் நாய் உங்கள் முகத்தைப் பார்க்கும். அதன் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஜன்னல் பக்கம் நகருங்கள். பயந்து ஒதுங்கினால், அவசரப்பட்டுவிட்டோம் என்று அர்த்தம். மீண்டும் உள்ளறைக்கே போங்கள்.

* ஷிஃப்ட் முடிந்து வந்ததும் மேலே தாவுகிறதா? திட்டாதீர்கள், தள்ளாதீர்கள். நாய்க்கு அதுவும் ஒரு கவனிப்புதான். அசையாமல் நில்லுங்கள். நான்கு காலும் தரையில் பட்ட நொடியே தடவிக்கொடுங்கள். ஓரிரு நொடி தாமதித்தாலும் எதற்குப் பாராட்டு என்று அதற்குப் புரியாது.

* தனியாக இருக்க மறுக்கிறதா? ஒரேயடியாக எட்டு மணி நேரம் பூட்டிவிட்டுப் போகாதீர்கள். முதலில் அரை நிமிடம், பிறகு இரண்டு நிமிடம், பிறகு பத்து. அழத் தொடங்கும் முன்பே திரும்பி வர வேண்டும். லீவு நாளில் இந்தப் பயிற்சியை ஆரம்பிக்கலாம்.

* எல்லோருக்கும் ஒரே சட்டம்! அப்பா சோபாவில் ஏற்றுகிறார், அம்மா இறக்கிவிடுகிறார் என்றால் நாய் குழம்பும். 'உட்கார்', 'வா', 'இரு' போன்ற சொற்களை எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள். எந்த ஷிஃப்ட்டில் யார் வீட்டில் இருந்தாலும் அதே சொல்தான்.

* குட்டி வாங்குகிறீர்களா? பிறந்து 3-வது வாரத்தில் இருந்து 12-வது வாரம் வரை உலகத்தைப் பழகும் காலம் என்று 1965-ல் ஸ்காட், ஃபுல்லர் என்ற ஆய்வாளர்கள் விளக்கினார்கள். தடுப்பூசி முடியும்வரை தரையில் விட வேண்டாம். தூக்கிக்கொண்டு போய் கேட் அருகே நின்று, பஸ்ஸையும் ஹெல்மெட் போட்டவர்களையும் தூரத்தில் இருந்தே காட்டுங்கள்.

சாக்லேட், திராட்சை, வெங்காயம் ஆகியவை நாய்க்கு விஷம். பரிசாகக்கூடக் கொடுக்காதீர்கள்.

செல்லம் வேறு, பொறுப்பு வேறு

2024 மே மாதம் சென்னை ஆயிரம்விளக்கு பூங்காவில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறிய சம்பவம் மறக்கக்கூடியதல்ல. வெளியே போகும்போது கயிறு கட்டாயம். வாய்மூடி தேவைப்படும் நாய்க்கு அதையும் பரிசு கொடுத்தே பழக்கலாம். வாய்மூடிக்குள் தீனியை வைத்து, நாய் தானாக மூக்கை நுழைக்கும்வரை பொறுமையாக இருங்கள்.

நாயைத் துன்புறுத்துவது, குட்டையான சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைப்பது, சாலையில் கைவிடுவது... மூன்றுமே 1960-ம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். ஏற்கெனவே கடித்துப் பழகிய நாய் என்றால் நீங்களாகப் பயிற்சியில் இறங்க வேண்டாம். வலியோ நோயோ காரணமாக இருக்கலாம். முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். கடிபட்டவர்கள் காயத்தைச் சோப்பு போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, தாமதிக்காமல் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்.

இதற்கெல்லாம் நேரம் எங்கே இருக்கிறது என்கிறீர்களா? ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், ஒரு நாளைக்கு இரண்டு தடவை போதும். கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தைவிடக் குறைவுதான்!