பத்துத் தெருவுக்குக் கேட்கும் வானொலிக்கும் தில்லியின் உரிமம்

புதுதில்லி: மைசூரு மகாராஜா கல்லூரியின் உளவியல் பேராசிரியர் எம்.வி. கோபாலசாமி 1935 செப்டம்பரில் தமது 'விட்டல் விஹார்' இல்லத்தில் ஒலிபரப்புக் கருவி ஒன்றை நிறுவி, ஊருக்குப் பேசத் தொடங்கினார். அந்த நிலையத்தின் பெயர் 'ஆகாசவாணி'. நிலையத்தை 1940-களின் தொடக்கத்தில் சமஸ்தான அரசும், 1950-இல் மத்திய அரசும் ஏற்றன. பெயரையும் தில்லி விட்டுவைக்கவில்லை. 2023 மே முதல் அகில இந்திய வானொலிக்கு அதுவே ஒரே பெயர்.

அதே மைசூருவில், அக்ரஹாரத்தில் ஒரு வீட்டு மாடியிலிருந்து இன்று ஒருவர் நாலைந்து தெருவுக்கு மட்டும் கேட்கும்படி ஒலிபரப்பினால் என்ன ஆகும்? கருவியின் சக்தி எவ்வளவு என்று சட்டம் கேட்பதற்கு முன், அனுமதி எங்கே என்று கேட்கும்.

அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே மத்திய அலைவரிசையில், 510 முதல் 1705 கிலோஹெர்ட்ஸ் வரை, உரிமமின்றி ஒலிபரப்ப இடமுண்டு. கருவியின் இறுதிக் கட்டத்துக்குச் செல்லும் மின்சக்தி 100 மில்லிவாட்டைத் தாண்டக்கூடாது. ஆண்டெனா, இணைப்புக் கம்பி, தரையிணைப்பு மூன்றும் சேர்ந்து 3 மீட்டருக்குள் அடங்க வேண்டும். இத்தனை தூரம்தான் கேட்கலாம் என்று விதி சொல்வதில்லை. சக்தியையும் கம்பியின் நீளத்தையும் கட்டிப்போட்டால் தூரம் தானே சுருங்கிவிடும். அக்ரஹாரத்தில் அப்படியொரு கருவியை வைத்தால் சுற்றுத் தெருக்களுக்குக் கேட்கும். நகரின் மறுகோடிக்கு எட்டாது.

நமது 1933-ஆம் ஆண்டு கம்பியில்லாத் தந்திச் சட்டத்தில் வாட்டுமில்லை, மீட்டருமில்லை. உரிமமின்றிக் கருவியை வைத்திருப்பதே குற்றம். அதற்கு முந்தைய 1885-ஆம் ஆண்டு தந்திச் சட்டம் தந்தி நிறுவும் தனியுரிமையை மத்திய அரசுக்கே அளித்தது. இவ்விரண்டுக்கும் மாற்றாக 2023-இல் நிறைவேறிய தொலைத்தொடர்புச் சட்டம், அனுமதியின்றித் தொலைத்தொடர்பு வலையமைப்பை நிறுவுவோருக்கு 3 ஆண்டு வரை சிறை அல்லது 2 கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது.

விலக்களிக்கும் அதிகாரம் மத்திய அரசிடம் இல்லாமல் இல்லை. 27 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய குடிமக்கள் அலைவரிசையில் 5 வாட் வரையிலான கருவிகளுக்கு 2005-இல் உரிமம் தேவையில்லை என்று விதி வகுத்தது இதே அரசுதான். இருவர் தமக்குள் பேசிக்கொள்ள 5 வாட் தரலாம். தெருவோடு பேச ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்குகூடத் தர மனமில்லை.

வெள்ளையர் ஆட்சியில்கூட இதில் சற்று நெகிழ்வு இருந்தது. 1924-இல் சென்னையில் கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று தொடங்கிய மாகாண வானொலிச் சங்கம் 40 வாட் கருவியில் ஒலிபரப்பியது. அது பணமின்றி ஓய்ந்தபின், 1930 முதல் சென்னை மாநகராட்சியே ஒலிபரப்பை நடத்தியது. 1935-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின் 129-ஆவது பிரிவு, மாகாணங்களும் சமஸ்தானங்களும் ஒலிபரப்பு அதிகாரம் கோரினால் காரணமின்றி மறுக்கலாகாது என்றது. குடியரசின் அரசியல் சாசனத்தில் அப்படியொரு பிரிவு இல்லை. ஒலிபரப்பு மத்தியப் பட்டியலின் 31-ஆவது இனம். மாநில சுயாட்சி பற்றிய விவாதங்களில் இது அதிகம் பேசப்படுவதில்லை என்பது வியப்பே.

வானலைகள் பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. ஆனால் கர்நாடகத்தின் கோலார் மாவட்டம் பூதிக்கோட்டையில், 2000-களின் தொடக்கத்தில் 'நம்ம த்வனி' என்ற கிராம வானொலிக்கு வானலை கிடைக்கவில்லை. அந்த மக்கள் தங்கள் நிகழ்ச்சிகளைக் கம்பிவழியே வீடுகளுக்கு அனுப்பினர். பிகாரின் வைஷாலி மாவட்டம் மன்சூர்பூரில் ராகவ் மஹதோ என்ற மின்கருவி பழுதுபார்ப்பவர் ஏறத்தாழ 50 ரூபாய்ச் செலவில் செய்த பண்பலைக் கருவியால் ஊரே பாட்டும் தகவலும் கேட்டது. 2006-இல் அதிகாரிகள் அதை மூடினர்.

அதே ஆண்டு நவம்பரில் சமுதாய வானொலிக் கொள்கை விரிவாக்கப்பட்டது. முன்பு கல்வி நிறுவனங்களுக்கு மட்டுமே இருந்த வாய்ப்பு தொண்டு நிறுவனங்களுக்கும் கிடைத்தது. வரம்பு 100 வாட், ஆண்டெனா உயரம் 30 மீட்டர். தனிநபருக்கு இடமில்லை, சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்பவும் தடை. கோபாலசாமி இன்று விண்ணப்பித்தால் முதல் மேசையிலேயே மனு திரும்பிவிடும்.

2023-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் பொதுநலன் கருதி விலக்களிக்கும் பிரிவு உண்டு. 100 மில்லிவாட் கருவிக்கு அதைப் பயன்படுத்தச் சட்டத் திருத்தம் வேண்டாம். மத்திய அரசின் அறிவிக்கை ஒன்று போதும்.